ஒத்துவராது என்றாயே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேரத்துக்குச் சாப்பிடு. போன் எடுக்க நேரமில்லை என்கிறாய், ஆனால் நம் ஜனங்களுக்கு ஜனநாயகம் ஒத்துவராது, சிங்கப்பூரை ஆண்ட லீ குவான் யூ மாதிரி ஒருத்தர் வேண்டும் என்று குடும்பக் குரூப்பில் அவ்வளவு நீளமாக எழுத நேரம் இருந்திருக்கிறது. சரி. நன்றாகத்தான் எழுதியிருந்தாய், ஸ்கூலில் எல்லோரிடமும் காட்டினேன்.

1951-52இல் முதல் தேர்தல் நடந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். 17 கோடிக்கு மேல் வாக்காளர்கள், பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது, அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. வடக்கே லட்சக்கணக்கான பெண்கள் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் அம்மா என்றே சொன்னதால் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்காகத் தேர்தலை யாரும் நிறுத்தவில்லை.

உடனே மதுரைப் பக்கத்துப் பாப்பாபட்டியைச் சொல்வாய். தெரியும். 1996இல் ஊராட்சித் தலைவர் பதவியைத் தலித்துகளுக்கு ஒதுக்கியதும் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் மனுவே போட விடவில்லை, இல்லையென்றால் ஜெயித்த கையோடு ராஜினாமா. மேலவளவில் தலைவரான முருகேசனை 1997இல் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பெரியப்பா அப்போது திண்ணையில் உட்கார்ந்து பேசியதெல்லாம் உனக்கும் ஞாபகம் இருக்கும். அப்புறம் என்ன ஆனது? திரும்பத் திரும்பத் தேர்தல் அறிவித்துக்கொண்டே இருந்தார்கள், 2006இல்தான் அந்த மூன்று ஊரிலும் தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். ஜனங்கள் மனசு மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன், பெரியப்பா மாறவே இல்லை. ஆனால் ஒத்துவராத ஊர் என்று சொல்லி அந்த ஒதுக்கீட்டை எடுத்திருந்தால் யாருக்கு ஒத்துவந்திருக்கும்? நீ கேட்கிற அந்த ஒருத்தர் நம் பக்கம் வந்தால் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்று யோசித்தாயா? படித்தவன் நீ, யோசிக்க வேண்டாமா?

சிங்கப்பூரிலும் ஓட்டு இருக்கிறது, 1959இலிருந்து ஒரே கட்சி ஆள்கிறது என்பது வேறு விஷயம். அங்கே குடிமக்கள் கட்டாயம் ஓட்டுப் போட வேண்டுமாமே. இங்கே இருந்தபோது உன்னை பூத்துக்கு அனுப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஒரு பொண்ணு வந்தது. மகன் இங்கே இருக்கிறாரா என்று கேட்டது, வருவான் என்று சொல்லி அனுப்பினேன். வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் பட்டியலில் பெயர் சேர்க்க 6ஏ படிவம் போடலாமாம். உன் சித்தி ஏதேதோ சொல்கிறாள், நான் காதில் வாங்கவில்லை. மறுபடியும் வருவார்கள். நேரத்துக்குச் சாப்பிடு. போட வேண்டியது 6ஏவா, பெயரை நீக்கச் சொல்லும் 7ஆ என்று மட்டும் ஒரு வரி எழுது.

அம்மா