கையெழுத்துப் போட மறுத்த மெக்கானிக்

ஆசிரியருக்கு,

வணக்கம். திருவனந்தபுரத்தில் இருந்து வளைகுடா போகும் விமானம் தாமதமானது பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். தொழில்நுட்பக் கோளாறு, பயணிகள் வாக்குவாதம், ஊழியர்கள் அலட்சியம் என்று மூன்றே வரியில் முடித்துவிட்டீர்கள். நம் குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. குளச்சல்காரரானாலும் கருங்கல்காரரானாலும் களியக்காவிளை நெரிசலில் ஊர்ந்து திருவனந்தபுரம் போய்த்தான் ஆக வேண்டும். விசா தேதி முடியப் போகிற நேரத்தில் மணிக்கணக்கில் உட்கார வைத்தால் யாருக்கும் கோபம் வரும். கோபப்படுவதைக் குறை சொல்ல மாட்டேன். அது போய் விழுகிற இடம்தான் சரியில்லை.

நான் விமானப் படையில் வேலை கற்று, அப்புறம் வளைகுடாவில் ஒரு விமான நிறுவனத்தில் லைன் மெயின்டனன்ஸ், அதாவது புறப்படும் முன் விமானத்தைச் சோதித்துப் பழுது பார்க்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பலகையில் 'தாமதம்' என்று வரும்போது, பல நேரம் கீழே லைசென்ஸ் வாங்கிய ஒரு மெக்கானிக் "இந்த விமானத்தை நான் ரிலீஸ் பண்ண மாட்டேன்", அதாவது பறக்கலாம் என்று கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றுகொண்டிருப்பார். பயணிகள் திட்டுவது அவரைத்தான்.

விமானத்தின் பிரேக்கில் 'பின்' என்று ஒரு சின்னக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். பிரேக் தேயத் தேய அது உள்ளே போகும். பார்க்கிங் பிரேக் போட்டுவிட்டு டார்ச் அடித்துப் பார்க்கும்போது அந்தக் கம்பி விளிம்போடு சமமாகிவிட்டிருந்தால் பிரேக்கை மாற்ற வேண்டும். ஒரு ராத்திரி அப்படிச் சமமாகிப்போன பின்னை ஸ்டேஷன் மேனேஜரிடம் காட்டினேன். கழுத்து டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "இன்னும் ஒரு லேண்டிங் தாங்காதா?" என்றார். தாங்கலாம், தாங்காமலும் போகலாம். மேனுவல் மாற்றச் சொல்கிறது. கையெழுத்துப் போடு என்று அவர் சொல்லவே இல்லை. அப்படி வாய்விட்டு யாரும் சொல்லவும் மாட்டார்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார், ஒரு தாளில் என் பெயரைக் குறித்துக்கொண்டார், போய்விட்டார். ஸ்டோரில் அந்த பிரேக் இல்லை. வேறு ஊரில் இருந்து வர வேண்டியிருந்தது.

தாமதத்துக்கு எண் போடுவார்கள். விமான நிறுவனங்களுக்குப் பொதுவான பட்டியல் அது. 41 என்றால் விமானத்தில் கோளாறு, 44 என்றால் உதிரிபாகம் இல்லை. நாற்பதில் தொடங்கும் எண்கள் எல்லாம் எங்கள் கணக்கில்தான் ஏறும். சரக்கு வாங்கி வைத்தால் பணம் முடங்கும் என்று ஸ்டோரைக் காலியாக வைத்தவர் வேறு ஒருவர். மாதக் கடைசி மீட்டிங்கில் நின்று பதில் சொல்பவர் மெக்கானிக். இப்படி இரண்டு மூன்று மாதம் பதில் சொன்னவர், அடுத்த தடவை அந்தக் கம்பியின் பக்கம் டார்ச்சைத் திருப்பவே யோசிப்பார். விபத்துக்கான விதை அந்த யோசனையில் இருக்கிறது.

வெளிநாட்டுக் கதைகளும் இதைத்தான் சொல்கின்றன. 1990 ஜூனில் பர்மிங்காமில் இருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில், 17,000 அடி உயரத்தில் கேப்டன் பக்கத்துக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடம்பு வெளியே. ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொண்டிருந்ததால் ஆள் பிழைத்தார். முந்தைய நாள் விடியற்காலையில்தான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். 90 போல்ட்டுகளில் 84, விட்டத்தில் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் சிறியவை. மாற்றியவர் பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்துக் கண்ணாலேயே ஜோடி பார்த்து எடுத்திருக்கிறார். ஷிஃப்டில் ஆள் குறைவு என்பதால் ஷிஃப்ட் மேனேஜரே இறங்கிச் செய்த வேலை அது. அவர் செய்தது தப்புதான். ஆனால் ஷிஃப்டில் ஆளைக் குறைத்து வைத்தது யார்?

அதைவிட என்னை உறுத்துவது அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 என்ற அமெரிக்க விமானம். வால் இறக்கையை மேலும் கீழும் சாய்க்கிற நீளமான ஜாக் ஸ்க்ரூவின் தேய்மானம் சரியாக எல்லையைத் தொட்டிருப்பதை 1997-ல் ஒரு மெக்கானிக் அளந்து, நட்டை மாற்ற வேண்டும் என்று எழுதி வைத்தார். அந்த எல்லையே ஒரு மில்லிமீட்டர்தான். அடுத்து வந்த ஷிஃப்ட் மறுபடி அளந்து, பரவாயில்லை என்று விமானத்தை அனுப்பிவிட்டது. அதற்குக் கிரீஸ் வைக்கும் இடைவெளியை நிர்வாகம் எட்டு மாதம் வரை நீட்டியிருந்தது. அரசாங்க அனுமதியோடுதான் நீட்டினார்கள். 2000 ஜனவரி 31 அன்று விமானம் பசிபிக்கில் விழுந்து 88 பேர் இறந்தார்கள்.

மெக்கானிக்குகள் எல்லாம் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. 1991-ல் அமெரிக்காவில் ஒரு விமானத்தின் வால் இறக்கையில் கழற்றிய 47 ஸ்க்ரூக்களைத் திரும்பப் போடாமலே விட்டார்கள். ஷிஃப்ட் மாறும்போது எழுதி ஒப்படைக்கவில்லை. விமானம் விழுந்து 14 பேர் போனார்கள். அதை எந்த மேனேஜர் தலையிலும் முழுசாகக் கட்ட முடியாது. சோம்பலும் 'எனக்குத் தெரியாததா' என்கிற மெத்தனமும் எங்கள் ஆட்களிடம் நிறையவே உண்டு.

நம் கடற்கரையில் வள்ளத்தின் சொந்தக்காரரே கூடக் கடலுக்குப் போவார். என்ஜின் சத்தம் சரியில்லை என்று கூட வருகிறவன் சொன்னால் காது கொடுப்பார், அவருடைய உயிரும் அதில்தான் இருக்கிறது. விமானத்தில் தாமதக் கணக்குப் பார்ப்பவர் அந்த விமானத்தில் ஏறுவதில்லை. கையெழுத்துப் போட்டவருக்கோ அது சொந்த லைசென்ஸ். ஏதாவது ஆனால் விமானத் துறையை மேற்பார்க்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ முதலில் கூப்பிடுவது அவரைத்தான்.

2025 டிசம்பரில் விமானங்கள் வரிசையாக ரத்தானபோது விமானிகளின் பணி நேரம் பற்றி ஊரே பேசியது. நல்லது. விடியற்காலை மூன்று மணிக்கு இறக்கைக்குக் கீழே படுத்துக் கிடக்கும் டெக்னீஷியன் தூங்கினானா என்று அந்த அளவுக்கு யாரும் கேட்கவில்லை. நம் மாவட்டத்தில் எத்தனையோ பிள்ளைகள் கடன் வாங்கி விமானப் பராமரிப்புப் படிப்புக்குப் போகிறார்கள். என்னிடம் வரும் பெற்றோர் சம்பளத்தைத்தான் கேட்கிறார்கள். 'முடியாது' என்று சொன்னால் வேலை நிலைக்குமா என்பதையும் கேட்க வேண்டும். கான்ட்ராக்டில் சேர்கிற பையனுக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

கடைசியாக உங்கள் நிருபருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை விமானம் தாமதமானால், எந்த பாகம் பழுது, அது ஸ்டோரில் இருந்ததா, இல்லையென்றால் எத்தனை நாளாக இல்லை என்று நிறுவனத்திடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பதில் சொல்லாவிட்டால், சொல்லவில்லை என்பதையும் போடுங்கள். 41-ஆ 44-ஆ என்று கேட்டாலே போதும், எதிரில் இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்பு ஊழியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.