வால்பாறையில சிங்கவால் குரங்கு காட்டுற கைடு அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மாரே, வணக்கம். ஆழியாறுல இருந்து 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி, சிங்கவால் குரங்கு பாக்கணும்னே போன மாசம் வந்தவன் நான். யாரு, எந்த ஜீப்புன்னு சொல்ல மாட்டேன். கூட்டிட்டுப் போனவர் கில்லாடி, ஒன்பதாவது வளைவு பக்கத்துல பாறையோட பாறையா நின்ன வரையாட்டை வண்டி ஓட்டிக்கிட்டே காட்டுனாரு, எனக்கு பைனாகுலர் வச்சும் கண்டுபிடிக்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. கருமந்தின்னு இன்னொரு குரங்கு, அதுவும் கறுப்பு, சிங்கவாலும் கறுப்பு, ஆனா கருமந்திக்கு தலை மட்டும் செம்பட்டையா இருக்கும், சிங்கவாலுக்கு மூஞ்சிய சுத்தி சாம்பல் பிடரி, வால் நுனியில குஞ்சம்னு சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். (பாதிப் பேர் கருமந்திய எடுத்து சிங்கவால்னு ஸ்டேட்டஸ் வைக்கிறாங்க, அது தனிக்கதை.)

புதுத்தோட்டம் வந்ததும்தான் வினை. சிங்கவால் கூட்டம் மரத்து மேல இருக்கு, கிளை ஆடுது, கறுப்பா ஏதோ தெரியுது, அவ்ளோதான். பத்து நிமிஷம்கூட ஆகல, டாஷ்போர்டுல இருந்து பிஸ்கட் பாக்கெட்ட எடுத்து சரசரன்னு ஆட்டுனாரு. மொத்த கூட்டமும் ரோட்டுக்கு வந்துருச்சு. ஒரு தாய், வயித்துல குட்டி தொத்திக்கிட்டு இருக்கு, பாக்கெட்ட பல்லால கிழிச்சு தின்னுட்டு கவரை போட, குட்டி கைய நீட்டி அதை எடுத்து நக்குது. பின்னாடி ஒரு பஸ் ஹாரன் அடிச்சுக்கிட்டே திரும்புது. எனக்கு கேமராவ தூக்க கை வரல.

நிமிந்து பாத்தா நேர் தலைக்கு மேல, வண்டியில அடிபடாம ரோட்ட தாண்டட்டும்னு ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டுன தொங்குபாலம். காலியா ஆடிக்கிட்டு இருந்துச்சு.

வெடிப்பலா, காட்டுப்பழம், பூச்சின்னு உச்சிக்கிளையிலயே தேடித் தின்னுட்டு கிடந்த ஜீவன் அண்ணே அது. மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா உலகத்துல வேற எந்தக் காட்டுலயும் கிடையாது. 1972 வனவிலங்கு சட்டத்துல புலி இருக்குற அதே முதல் அட்டவணையிலதான் இதுவும் இருக்கு. சோலைய வெட்டி தேயிலை வச்சதுல காடு துண்டு துண்டாப் போய், அதான் தரையில இறங்கி ரோட்ட தாண்ட வேண்டிய நிலைமை, அதுல நாம வேற பிஸ்கட்ட காட்டி கூப்பிடுறோம்.

"கிட்ட வரலைன்னா டூரிஸ்ட்டு மூஞ்சிய தூக்கி வச்சுக்குறாங்க சார்"னு அவர் சொன்னதும் பொய்யில்ல, தப்பு எங்க மேலயும் இருக்கு. அதனால புக்கிங் போன்லயே சொல்லிருங்க: தீனி போட மாட்டோம், கிட்ட வரும்னு கேரண்டி கிடையாது, காத்திருக்கணும். பிடிக்காதவங்க வேற வண்டி பாத்துக்கட்டும். உங்க கண்ணு இருக்கே, வரையாட்டை பிடிச்ச கண்ணு, நாங்க காசு குடுக்குறது அதுக்குத்தான், பிஸ்கட்டுக்கு இல்ல.

டிசம்பர்ல திரும்ப வரேன். அந்த பாலத்துல ஒரு தடவை அதுங்க நடந்து போறத காட்டுங்க, ரெண்டு மணி நேரம் ஆனாலும் சத்தம் போடாம உக்காந்திருக்கேன், பிளாஸ்க்குல டீ நானே கொண்டாறேன்.