செவ்வக இறக்கை சிக்கனத்துக்கு மட்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பயிற்சி விமானக் கட்டுரை, செவ்வக இறக்கையைச் செலவு குறைக்கும் ஏற்பாடு என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. பாதி சரி. வேரிலிருந்து (விமான உடலோடு சேரும் இடம்) நுனி வரை அகலம் மாறாததால், இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களான ரிப்புகள் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரே அச்சில் செய்துவிடலாம். ஆனால் மாணவர் கையில் கொடுக்கும் விமானத்தில் அதைவிட முக்கியம், ஸ்டால், அதாவது காற்றைச் சந்திக்கும் கோணம் மிகையாகி இறக்கை தூக்குவிசையை இழப்பது, இறக்கையின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது.

செவ்வக இறக்கையில் நுனிச் சுழல் காற்றைக் கீழே தள்ளுவதால், நுனிப் பகுதி காற்றைச் சந்திக்கும் கோணமான தாக்குகோணம் குறைகிறது. ஆகவே வேர்ப்பகுதிதான் முதலில் ஸ்டாலாகும். கலைந்த காற்று வாலில் மோதி விமானம் அதிரும். மாணவருக்கு அதுவே எச்சரிக்கை. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும், நுனிப் பக்கத்து அசையும் தகடுகளான எய்லெரான்கள் அப்போதும் பிடி கொடுக்கும். நுனி மிகக் குறுகிய இறக்கையில் நிலைமை தலைகீழ். அதிர்வு சரியாகத் தெரியும் முன்பே ஒரு பக்கம் விழும். பதறிய மாணவர் யோக்கை (கையால் திருப்பும் கட்டுப்பாட்டுச் சக்கரம்) எதிர்ப்பக்கம் திருப்புவார். விழுந்த பக்கத்து எய்லெரான் கீழிறங்கும், அங்கே தாக்குகோணம் இன்னும் கூடும், ஸ்டால் முற்றும். ஸ்பின்னில், அதாவது சுழன்றபடி விழுவதில், மாட்டுவது இப்படித்தான். முதலில் மூக்கை இறக்க வேண்டும், சரிவை வாலில் உள்ள ரடரால் (திசைத் தகடு) தடுக்க வேண்டும், எய்லெரான் அப்புறம்.

அதற்காகக் குறுகும் இறக்கையே ஆகாது என்பதில்லை. செஸ்னா 172 இன் இறக்கை வெளிப்பகுதியில் குறுகுகிறது; பொருத்துகோணம் (இறக்கை உடலோடு பொருந்தும் சாய்வு) வேரில் +1.5 பாகை, நுனியில் −1.5 பாகை என்று முறுக்கி ஈடுகட்டியிருக்கிறார்கள். பைப்பர் செரோக்கி 140 இன் 30 அடிச் செவ்வக இறக்கைக்குப் பதில், 1974 இல் வந்த வாரியருக்கு வெளிப்பகுதி குறுகிய 35 அடி இறக்கை. செரோக்கியில் எஞ்சினை அடக்கினால் கல் மாதிரி இறங்கும். வாரியரோ, வேகம் சற்றுக் கூடினாலும் ஓடுபாதைக்கு மேல் மிதந்துகொண்டே போகும். மாறிப் பறப்பவர்கள் திணறுவது பெரும்பாலும் இங்கேதான்.

கட்டுரை தொடாத இன்னொன்று பராமரிப்பு. சில விமானங்களில் வேருக்கு அருகே முன்விளிம்பில் சிறு முக்கோணப் பட்டை இருக்கும். ஸ்டாலை அங்கே தொடங்கிவைப்பதுதான் அதன் வேலை. பெயின்ட் அடிக்கக் கழற்றிவிட்டுக் கண்மதிப்பில் திரும்பப் பொருத்தினால், ஸ்டாலில் ஒரு இறக்கை முந்திக்கொள்ளும். பராமரிப்புக் கையேட்டில் உள்ள அளவுப்படிதான் வைக்க வேண்டும். செஸ்னா 172 நேராகப் பறக்கும்போதே ஒரு பக்கம் கனத்தால், முதலில் இரு டாங்குகளின் எரிபொருளையும் ஃப்ளாப் (மெதுவாகப் பறக்க இறக்கும் பின்விளிம்புத் தகடு), எய்லெரான் அமைப்பையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால் மட்டும் பின்பக்க ஸ்பார் (இறக்கையின் நீளவாட்டுத் தாங்குசட்டம்) இணைப்பில் உள்ள, துளை மையம் விலகிய புஷ்ஷைத் (உள்வளையம்) திருப்பி இறக்கையின் கோணத்தைத் திருத்தலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், சென்னை