பெர்முடா முக்கோணத்துக்கு ஒரு வரைபுத்தாள்: மலையக ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்

மலையகப் பாடசாலைகளின் புவியியல், கணித ஆசிரியர்களுக்கு வணக்கம்.

கண்காட்சிக்கு, கப்பல்களும் விமானங்களும் மர்மமாக மறைவதாகச் சொல்லப்படும் அத்திலாந்திக் கடற்பகுதியான பெர்முடா முக்கோணம் வேண்டும் என்று கேட்கும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். கறுப்பு அட்டையில் முக்கோணம் கீறி, மூழ்கும் கப்பலை ஒட்டி, 'மர்மம்' என்று எழுதுவதோடு முடிக்கவும் விடாதீர்கள். வரைபுத்தாள், கவராயம், பாகைமானி போதும்.

கணக்கு இதுதான். அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து கிழக்கே பஹாமாஸின் பிமினித் தீவுக்குப் படகு ஒன்று போகிறது. வேகம் மணிக்கு 6 கடல் மைல். இடையில் வளைகுடா நீரோட்டம் (Gulf Stream) என்னும் வேகமான கடல் நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. அதை மணிக்கு 3 கடல் மைல் என்று வையுங்கள். 1 சென்ரிமீற்றருக்கு 1 கடல் மைல். புறப்படும் புள்ளியிலிருந்து கிழக்கே நீளமாக ஒரு கோடு, வடக்கே 3 செ.மீ. கோடு. வடக்குக் கோட்டின் நுனியில் கவராயத்தை ஊன்றி, 6 செ.மீ. வில்லால் கிழக்குக் கோட்டை வெட்டுங்கள். நுனியிலிருந்து வெட்டுப்புள்ளிக்குப் போகும் கோடே படகைத் திருப்ப வேண்டிய திசை: கிழக்கிலிருந்து தெற்காக 30 பாகை. கிழக்கு நோக்கிக் கிடைக்கும் வேகம் 5.2 மட்டுமே. பிள்ளைகள் 6 செ.மீட்டரைப் புறப்பட்ட புள்ளியிலிருந்தே அளந்துவிடுவார்கள்; அங்கே கவனம் தேவை, நீரோட்டம் கணக்கிலிருந்தே நழுவிவிடும்.

திருத்தாமல் நேர் கிழக்கே பிடித்தால் 8 மணித்தியாலத்தில் 24 கடல் மைல், ஏறத்தாழ 44 கிலோமீற்றர், வடக்கே இழுபட்டுப் போகும். மகாவலியை நீந்திக் கடப்பவர் ஏன் மேல்பக்கம் சரிந்து நீந்துகிறார் என்று கேளுங்கள், விடை வந்துவிடும். நீரோட்டத்துக்கு எதிராக வடகாற்று வீசினால் அலை குறுகிச் செங்குத்தாக எழும். சிறு படகைக் கவிழ்க்க அதுவே போதும்.

1945 டிசெம்பர் 5 அன்று புளோரிடாவின் போர்ட் லோடர்டேலிலிருந்து கிளம்பி மறைந்த அமெரிக்கக் கடற்படையின் ஐந்து அவெஞ்சர் போர் விமானங்களையும் 14 பேரையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னணி விமானி திசையறிகருவிகள் பழுது என்றார். தாம் புளோரிடாவின் தென்முனைத் தீவுகளுக்கு மேல் இருப்பதாக நம்பினார். உண்மையில் பஹாமாஸ் பக்கமே இருந்திருக்க வேண்டும். அங்கிருந்து கரை மேற்கே; தென்முனைத் தீவுகளிலிருந்து என்றால் வடக்கே. மூடுபனி விலகிய இடைவெளியில் ஒரு தேயிலைச் சரிவை மட்டும் பார்த்து எந்தத் தோட்டம் என்று சொல்வது எவ்வளவு கடினம்! இருட்டியது, எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது, கீழே கடல் கொந்தளித்தது. தேடப் போன மரைனர் விமானமும் 13 பேருடன் திரும்பவில்லை. எண்ணெய்க் கப்பல் ஒன்று கடலில் தீப்பிழம்பைக் கண்டது.

இந்த 27 உயிர்களும் பேய்க்கதைக்குரியவை அல்ல.

மேசையில் இரண்டாவது தாளும் வையுங்கள்: நீரோட்டம் 4 ஆனால் கோணம் ஏறத்தாழ 42 பாகை, கிழக்கு வேகம் 4.5. விடையை மறைத்து, பார்க்க வரும் பெற்றோரிடம் பென்சிலைக் கொடுங்கள்.