மழை மாதங்களில் கூத்துக் கலைஞருக்கு ஓர் இடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் செய்யாறு பக்கத்தில் பாரதக் கூத்து பங்குனியில் சூடுபிடித்து ஆடியோடு ஓய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கர்ணனும் துரியோதனனும் கூலி வேலை தேடிப் போகிறார்கள். அதே மாதங்களில் ஊர்ச் சமுதாயக் கூடம் பூட்டிக் கிடக்கிறது.

அங்கே ஒரு கலைஞரை மாதச் சம்பளத்துடன் தங்க வைத்தால் என்ன? மாலையில் பிள்ளைகளுக்கு அடவும் பாட்டும் சொல்லித் தரட்டும். மற்ற நேரமெல்லாம் அவருடையது.

சென்ற ஆண்டு மூத்த கூத்து வாத்தியார் ஒருவர் எங்கள் தெருவில் பத்து நாள் தங்கினார். திண்ணையில் உட்கார்ந்து கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கி, வேஷக்காரர் தோளில் அணியும் புஜக்கட்டை செய்தார். அதில் கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக அவர் ஒட்டியதை என் பேத்தி பக்கத்தைவிட்டு நகராமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் தாளத்தை அவளே கையில் எடுத்துக்கொண்டாள். திருவிழாவில் விடிய விடியக் கண் விழித்த இரவுகளில்கூட அவளுக்கு இப்படி ஒரு நெருக்கம் கிடைத்ததில்லை.

1977இல் எழுத்தாளர் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவின் நடிகர்கள், எங்கள் பக்கத்துக் கூத்து வாத்தியார் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் பயின்றார்கள். சென்னை நாடகக்காரர்களுக்குக் கிடைத்த அந்தப் பாக்கியம், கூத்து பிறந்த மண்ணின் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டாமா?

கலை பண்பாட்டுத் துறையும் உள்ளாட்சிகளும் சேர்ந்து, வரும் ஐப்பசிக்குள் ஒரே ஒரு கூடத்திலாவது இதைத் தொடங்க வேண்டும். கூடத்தின் கூரை ஒழுகுகிறது. அதை முதலில் சரிசெய்யுங்கள்.

ஒரு வாசகர்,
செய்யாறு.