வீட்டுக்கு முன்னால் கிணறு: திருகோணமலை மாவட்டப் பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் 1990இல், ஒன்பது வயதில், இந்த மாவட்டத்தை விட்டுப் போனவள். மன்னார்க் கரையில் வள்ளம் ஏறி, மண்டபம் அகதி முகாமில் பதிந்து, தமிழ்நாட்டில் இன்னொரு முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணமும் முடித்து, 2016இல் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஊர் திரும்பினேன். முகாமில் இன்னும் இருக்கும் சொந்தக்காரர்கள் தொலைபேசியில் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அங்க வந்தா இருக்கலாமா?" இதற்கு நான் தனியாகப் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நாங்கள் வந்தபோது காணி இருந்தது. காணி உறுதியை அம்மா இத்தனை வருடமும் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தார். வீட்டுத் திட்டத்திலும் பெயர் வந்தது. இல்லாமல் இருந்தது தண்ணீர்தான். காணியின் பின்புறம் பற்றைக்குள் எங்கள் பழைய கிணறு கிடந்தது. கட்டு வெடித்து, ஆலங்கன்று வேர் விட்டிருந்தது. உள்ளே இறங்க ஒருவரும் துணியவில்லை. போர் நடந்த இடத்துக் கிணறு, அடியில் என்ன கிடக்குமோ என்ற பயம். ஒரு அலுவலகத்துக்குப் போனேன், அது இன்னொரு இடத்தின் வேலை என்றார்கள். அங்கே போனால் கடிதம் கொண்டு வா என்றார்கள். நாலு மாதம் அலைந்தேன். அந்த நாலு மாதமும் முக்கால் கட்டை தள்ளியிருந்த கோயில் கிணற்றில் அள்ளி, சைக்கிள் கரியரில் கான் கட்டி உருட்டி வந்தோம்.

கடைசியில் கண்ணிவெடி அகற்றும் ஆட்கள் வந்து பார்த்துச் சரி என்ற பிறகு, ஊர்ப் பெடியன்கள் ஐந்து பேர் வாடகை மோட்டார் போட்டு இறைத்தார்கள். இரண்டு நாள் கறுப்புத் தண்ணீர். சேற்றோடு ஒரு சைக்கிள் ரிம், பாதி உருகிய பிளாஸ்ரிக் வாளி, பாம்புச் செட்டை. மூன்றாம் நாள் ஊற்று தெளிந்தது. அம்மா ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "அதே தண்ணிதான்" என்றார். அன்றைக்குத்தான் நாங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தோம் என்று எனக்குப் பட்டது.

எங்களோடு வந்த இன்னொரு குடும்பத்தால் தாக்குப் பிடிக்க முடியவில்லை. யானை இறங்கும் ஒழுங்கை, ஒரு விளக்கு இல்லை, ரியூசன் முடிந்து இருட்டில் வரும் இரண்டு பெண் பிள்ளைகள். அத்திவாரம் போட்ட கையோடு விட்டுவிட்டு நகரத்தில் வாடகை வீட்டுக்குப் போனார்கள். அந்த அத்திவாரம் இன்றும் பற்றைக்குள் கிடக்கிறது.

காணியும் வீட்டுத் திட்டமும் உங்கள் கையில் இல்லை. அது பிரதேச செயலகம், மாவட்டச் செயலகம், அதற்கு மேல் கொழும்பு. ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரத்தையும், பொதுப் பயன்பாட்டுச் சேவைகளையும், வீதிகளையும் உங்களிடம்தான் ஒப்படைத்திருக்கிறது. மக்களின் வசதியும் நலனும் உங்கள் பொறுப்பு என்றும் சொல்கிறது. வீட்டைக் கட்டிக் கொடுக்க ஆளுண்டு. அந்த வீட்டில் ஒரு குடும்பம் தங்குமா, தங்காதா என்பது ஒழுங்கையிலும் கிணற்றிலும் விளக்கிலும் மதகிலும் இருக்கிறது.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரை எங்கள் வட்டாரத்துக்கென்று கேட்க ஒரு உறுப்பினரும் இல்லை. இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். பணம் குறைவு என்பதும் தெரியும். நான் கேட்பது அதிகமில்லை. ஒரு குடும்பம் வரப்போகிறது என்று கிராம உத்தியோகத்தருக்குத் தெரிந்த அன்றே சபைக்கும் தெரிய வேண்டும். அந்தக் குடும்பத்துக்குச் சபையில் ஒரு ஆள், பெயரோடும் தொலைபேசி எண்ணோடும், இருக்க வேண்டும். அவர்கள் வந்து இறங்குவதற்கு முன் பற்றை தள்ள பெக்கோ இயந்திரம் ஒரு நாள், கிணறு இறைக்க இரண்டு நாள், வளைவில் ஒரு விளக்கு. கிணறு சரியாகும் வரை கிழமைக்கு இரண்டு தரம் தண்ணீர் பவுசர்.

இது நடக்காத காரியமில்லை. ஸ்கொட்லாந்தில் பியூட் என்று ஒரு சிறிய தீவு, ஆறாயிரத்துச் சொச்சம் பேர். 2015 டிசம்பரில் சிரிய அகதிக் குடும்பங்கள் அங்கே போய் இறங்கியபோது, வீடு, பள்ளிக்கூடம், வைத்தியர், மொழி வகுப்பு என்று அந்தப் பகுதிச் சபை முன்னதாகவே ஆயத்தமாக இருந்தது. அங்கும் தனிமை தாங்க முடியவில்லை என்று சொன்ன குடும்பங்கள் உண்டு. வெதுப்பகம் திறந்து ஊரோடு ஒட்டிக்கொண்ட குடும்பமும் உண்டு. மொழியும் மதமும் வேறான ஆட்களுக்கே அவர்கள் அதைச் செய்தார்கள். நாங்கள் இந்த மண்ணில் பிறந்தவர்கள். 1984இல் வெளியேறிய தென்னமரவாடியும், 2006இல் வெளியேறி 2015, 2016இல்தான் காணிகளைத் திரும்பப் பெற்ற சம்பூரும் உங்கள் சபைகளுக்குள் இருக்கும் ஊர்கள். காத்திருப்பது என்றால் என்ன என்று இந்த மாவட்டத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று. என் மகள் வகுப்பில் முதல் நாள், தமிழ்நாட்டுப் பழக்கத்தில், ரீச்சரை "மிஸ்" என்று கூப்பிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். "இந்தியாக்காரி" என்று பெயர் விழுந்தது. இரண்டு மாதம் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அவளைப் பேச வைத்தது பிரதேச சபை நூலகத்தில் இருந்த அக்கா. பின்னேரங்களில் கூட உட்கார்த்தி, சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டச் சொன்னார். அவரைப் பணித்து ஒரு சுற்றறிக்கையும் வரவில்லை. அப்புறம், முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமைச் சான்றிதழ் இல்லாமல் அடையாள அட்டை எடுக்க முடியாது. சென்னையில் உள்ள நம் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பதிந்துகொண்டு வந்தால் பாதி அலைச்சல் மிச்சம். இதை வருவதற்கு முன்பே அவர்களுக்கு எடுத்துச் சொல்ல, சபையில் அந்த ஒரு ஆள் போதும்.

என் மச்சாள் குடும்பம் தை மாதம் வருகிறது. எங்களுக்கு நாலு காணி தள்ளி அவர்களின் காணி. அதிலும் ஒரு கிணறு மூடிக் கிடக்கிறது. கிணறு இறைப்பதென்றால் தண்ணீர் வற்றியிருக்கும் ஆவணி, புரட்டாதியில் இறைக்க வேண்டும். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் அடுத்த வருடம்தான். உங்களில் யார் பார்க்க வந்தாலும் முதல் நாள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். வழி காட்ட ஒழுங்கை முகப்பில் நான் நிற்பேன்.

இப்படிக்கு,
முகாமில் வளர்ந்து ஊர் திரும்பிய ஒருத்தி