ஜனவரிச் சேவலும் சம்பங்கோரையும்

அபர்தீன், தெற்கு டகோட்டா
டிசம்பர் 27

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. உன் வேட்டை நாய் கருப்பிக்கு மூன்று வயது நிறைந்துவிட்டது, அவளைக் கூட்டிக்கொண்டு ஜனவரி இரண்டாம் வாரம் இங்கே வருகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. மாடி அறை தயாராக இருக்கிறது. கருப்பிக்குக் கேரேஜில் வைக்கோல் போட்டு இடம் ஒதுக்கியாயிற்று. வீட்டுச் செய்திகளை நேரில் பேசிக்கொள்ளலாம். நீ கேட்டிருந்த ஃபெசன்ட் (நீண்ட வாலுள்ள காட்டுக்கோழி வகை) வேட்டை விஷயத்துக்கு மட்டும் இப்போதே விரிவாகப் பதில் எழுதுகிறேன். கிளம்புவதற்கு முன்பே செய்யவேண்டியவை சில உண்டு.

முதலில் சட்டம். உங்கள் மினசோட்டாவில் ஜனவரி 1 அன்று பருவம் முடிந்துவிடும். இங்கே 2020-லிருந்து ஜனவரி 31 வரை நீட்டியிருக்கிறார்கள். காலை பத்து மணிக்கு முன் சுடக்கூடாது, சூரியன் மறைந்தால் நிறுத்திவிட வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று சேவல், பெட்டையைத் தொடவே கூடாது. வெளிமாநிலத்தாருக்கான உரிமம் தொடர்ச்சியான ஐந்து நாள் வீதம் இரண்டு தவணைக்குச் செல்லும். தேதிகளை முன்கூட்டியே குறிக்க வேண்டும். கூடவே ஹேபிடட் ஸ்டாம்பும் (பறவைகளின் வாழிட மேம்பாட்டுக்கான கட்டணச் சீட்டு) எடுத்துவிடு. பறவையை ஊருக்குக் கொண்டுபோகும்போது சேவல்தான் என்று தெரியும்படி ஒரு காலையாவது வெட்டாமல் உடலோடு விட்டுவை.

எந்த நிலம் என்று கேட்டிருந்தாய். இங்கே பொதுமக்கள் வேட்டைக்குப் போகக்கூடியவை முக்கியமாக மூன்று வகை. மாநிலத்துக்குச் சொந்தமான வேட்டை நிலங்கள் ஒன்று. கூட்டாட்சி அரசின் நீர்ப்பறவை நிலங்கள் இன்னொன்று. மூன்றாவது, விவசாயிகளிடம் மாநிலம் குத்தகைக்கு எடுத்து நடந்துபோக மட்டும் திறந்துவிடும் ‘வாக்-இன்’ நிலங்கள். முதல் இரண்டிலும் ஈய ரவைக்கு (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) இடமில்லை என்றே வைத்துக்கொள். நீர்ப்பறவை நிலத்தில் ஈயத் தோட்டாவைப் பையில் வைத்திருந்தாலே குற்றம். அந்த நிலங்களெல்லாம் பெரும்பாலும் வாத்து ஸ்டாம்ப் (நீர்ப்பறவை வேட்டைக்காரர் வாங்கும் கூட்டாட்சி அரசின் கட்டணச் சீட்டு) பணத்தில் வாங்கியவை. நாட்டிலேயே முதலாவதை 1959-இல் வாங்கியது பக்கத்து டே கவுண்டியில்தான். ஃபெசன்டுக்கு வாத்து ஸ்டாம்ப் கட்டாயமில்லை. ஆனாலும் ஒன்று வாங்கு, நாம் நடக்கிற நிலத்துக்குச் செய்யும் மரியாதை அது.

அக்டோபரில் திறப்பு நாளன்று பறவை எங்கும் இருக்கும். புல்லில் இருக்கும், மக்காச்சோளத்தில் இருக்கும், சாலையோரப் பள்ளத்தில்கூட இருக்கும். ஜனவரியில் மிஞ்சியிருக்கும் சேவலோ மூன்று மாதம் துப்பாக்கிச் சத்தம் கேட்டு வளர்ந்தது. வண்டிக் கதவை அறைந்து சாத்தினால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும். விசில் தெரியும், நாய் மணி தெரியும், மனிதர் பேச்சு தெரியும். நீ கதவைச் சாத்திவிட்டு வேலியைத் தாண்டுவதற்குள் மறுகோடியில் ஐம்பது பறவை எழுந்து போய்விடும். ஆகவே நிறுத்துமிடத்திலிருந்தே வாயை மூடு. கதவை அழுத்தித் தள்ளிச் சாத்து. தோட்டாவை மட்டும் நிலத்துக்குள் கால் வைத்த பிறகு போடு. கருப்பியை விசிலால் அழைக்கிற பழக்கம் இருந்தால் இந்த இரண்டு வாரத்தில் ரிமோட் கழுத்துப்பட்டையின் அதிர்வுக்குப் பழக்கிவிடு. அதிர்வு வந்தால் திரும்பிப் பார்க்கவேண்டும், அவ்வளவு போதும். வீட்டு வாசலில் தீனி கொடுத்தே கற்றுக்கொடுக்கலாம்.

பனி விழுந்த பிறகு புல் படுத்துவிடும், ஒளிய இடம் இருக்காது. அப்போது பறவை மூன்று இடங்களில்தான் ஒதுங்கும்: உறைந்த சதுப்பின் சம்பங்கோரை, அடர்ந்த காற்றுத்தடுப்பு மரவரிசை, உயரமான ஸ்விட்ச் புல். இவற்றில் சம்புக்கே என் முதல் ஓட்டு. அதிலும் அரை மைல் சுற்றளவுக்குள் அறுத்த மக்காச்சோளமோ சோளமோ இருக்கிற சம்பாகப் பார். தீனியும் தங்குமிடமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் குளிரில் அது அதிக தூரம் பறக்காது. வரைபடத்தில் பெரிய சதுப்புகளைப் பார்த்து மயங்காதே. நூறு ஏக்கர் சம்பில் நாம் இரண்டு பேரும் ஒரு நாயும் தேடினால் சேவல் நம்மைச் சுற்றிக்கொண்டு ஓடும். ஐந்து ஏக்கர் சம்பு, ஒரு முனை குறுகி முடிகிற மாதிரி இருந்தால், அதுதான் நமக்கானது.

உள்ளே போகுமுன் ஓரத்துப் பனியைக் கொஞ்சம் குனிந்து பார். ஃபெசன்டின் தடத்தில் முன்னே மூன்று விரலும் பின்னே ஒரு சிறு விரலும் பதிந்திருக்கும். ஒரு தடத்துக்கு நேர் முன்னால் அடுத்தது விழுந்து, ஏறக்குறைய ஒரே கோடாகப் போகும். தடத்தின் விளிம்பு கூர்மையாக, உள்ளே தூள்பனி உதிர்ந்து கிடந்தால் இன்று நடந்தது. விளிம்பு வழுவழுத்து உறைந்திருந்தால் நேற்றையது. சம்புத் தண்டுகள் சாய்ந்து, மேலே பனி மூடி, அடியில் சின்னக் குகைகள் போல இருக்கும். அதன் வாயில் குவியலாக எச்சமும், பனியில் கிண்ணம் மாதிரி பள்ளமும் தெரிந்தால் இராத்தங்கல் இடம் அதுதான்.

காற்று எந்தப் பக்கம் என்பது எல்லாவற்றுக்கும் மேல். நாயின் முகத்தில் காற்று அடிக்க வேண்டும். நிறுத்துமிடம் காற்று வரும் பக்கமே அமைந்துவிட்டால் சோம்பல் படாமல் எல்லையோரமாக அரை மைல் சுற்றிப் போய் எதிர்ப்பக்கம் நுழை. இதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. எல்லோரும் நிறுத்துமிடத்திலிருந்து நேராகத்தான் நுழைகிறார்கள், பறவையும் அந்தத் திசையைத்தான் கவனித்துக்கொண்டிருக்கும். பலத்த காற்று வீசும் நாள் நல்ல நாள். சம்பு சலசலப்பில் நம் காலடி கேட்காது. காற்றே அசையாத உறைநாளில் ஒவ்வொரு அடியும் பனிக்கட்டியை நொறுக்கிக்கொண்டு கால் மைல் கேட்கும். புதுப்பனி நான்கைந்து அங்குலம் விழுந்த மறுநாள் கிடைத்தால் விடாதே. அன்று பறவை ஓடாமல் பதுங்கிக் கிடக்கும், நாய் மூக்கருகே வரும்வரை எழாது.

சம்புக்குள் வேகம் கூடாது. இருபது அடி நட, அரை நிமிடம் நில். நிற்பதுதான் ஒளிந்திருக்கும் சேவலுக்குப் பொறுக்காது. கருப்பி உன் கண்ணுக்குத் தெரியமாட்டாள், சம்பு நுனி ஆடுவதைத்தான் பார்க்க வேண்டும். ஆட்டம் உன்னைச் சுற்றி வளைய வளைய வந்தால் தேடுகிறாள். திடீரென்று நேர்கோட்டில் விரைந்தால் சேவல் ஓடுகிறது, அவள் தடத்தில் இருக்கிறாள் என்று பொருள். அப்போது நிறுத்தாதே, கூப்பிடாதே, பின்னாலேயே விரைந்து போ. ஓட்டம் குறுகிய முனையில்தான் முடியும். ஆள் ஒருவரை அந்த முனையில் முன்பே நிறுத்திவைப்பது இதற்காகவே. அப்படி நிற்பவர் அசையாமல் நிற்கவேண்டும். ஆள் இருக்கும் திசையில் தாழப் பறக்கும் பறவையை இரண்டு பேருமே விட்டுவிட வேண்டும், இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. ஆரஞ்சு நிற மேலங்கியும் தொப்பியும் இங்கே ஃபெசன்டுக்குக் கட்டாயமில்லை. ஆனாலும் ஆறடி சம்பில் அது இல்லாதவரோடு நான் நடக்கமாட்டேன்.

இனி ரவை. ஈயத்தைவிட இரும்பு எடை குறைந்தது, தூரம் போகப் போக வலு சட்டென்று விழும். அதனால் ஈயத்தில் 5-ஆம் நம்பர் போடுகிற இடத்தில் இரும்பில் 3 அல்லது 2 போடவேண்டும்; நம்பர் குறையக் குறைய ரவை பெரிசு. பன்னிரண்டு போர், மூன்று அங்குலத் தோட்டா, ஒன்றேகால் அவுன்ஸ், நொடிக்கு 1,400 அடிக்குக் குறையாத வேகம் என்று பார்த்து வாங்கு. சோக் (துப்பாக்கிக் குழல் வாயின் குறுக்கம்) இறுக்கமாக வேண்டாம். இரும்பு ரவை நசுங்காது, தானாகவே குவிந்து போகும், இம்ப்ரூவ்ட் சிலிண்டர் என்கிற தளர்ந்த சோக் போதும். காசு பார்க்காவிட்டால் பிஸ்மத் 4 அல்லது 5 இன்னும் நல்லது. எதுவானாலும் 35 கெஜத்தைத் தாண்டினால் சுடாதே. இந்தக் குளிரில் காயத்தோடு தப்பும் சேவல் செத்துப்போகும், யாருக்கும் உதவாது. வெள்ளைக் கழுத்து வளையம் தெளிவாகத் தெரியட்டும். தலையைப் பார்த்துச் சுடு, நீண்ட வாலைப் பார்த்தால் பின்தங்கிவிடுவாய். விழுந்த இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நேரே போ, இரண்டாவது பறவைக்கு ஆசைப்படாதே. இரவு துப்பாக்கியைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவராதே. ஈரம் படிந்து, மறுநாள் வெளியே உறைந்து, சுடும் ஊசி சிக்கிக்கொள்ளும். எண்ணெயையும் துடைத்து மிக மெல்லிசாக விடு.

இத்தனையும் சொன்னாலும், செல்வம், ஜனவரியில் எல்லா முடிவையும் கருப்பியை வைத்துத்தான் எடுக்கவேண்டும். எவ்வளவு நேரம், எந்தச் சதுப்பு, எப்போது வீடு என்பதெல்லாம் அவள் உடம்பு சொல்லவேண்டும்.

பனிக்கட்டியிலிருந்து தொடங்குகிறேன். ஆள் நடக்கத் தெளிவான கட்டி நான்கு அங்குலமாவது வேண்டும். சம்புக்குள்ளே அந்தக் கணக்கை நம்பாதே. மேலே பனி போர்வையாகக் கிடப்பதால் அடியில் கட்டி தடிக்காது. மஸ்க்ராட் நீரெலி கட்டிய கோரைக் குவியலைச் சுற்றியும், ஊற்று இருக்கும் இடத்திலும், ஓடை வந்து சேரும் வாயிலும் எப்போதும் மெலிந்தே இருக்கும். இடுப்பளவுக்கு மேல் ஆழமுள்ள நீரை ஒதுக்கிவிடு. திறந்த ஏரிக் கட்டிமேல் விழும் பறவையைச் சுடவே சுடாதே. விழுந்தால் அவள் எடுக்க ஓடுவாள், நீ தடுக்க முடியாது. நனைந்துவிட்டால் வேட்டை அன்றோடு முடிந்தது. துண்டால் துடைத்து நேரே வண்டி ஹீட்டர் முன்னால் உட்கார வை. நடுக்கம் நின்றுபோய், தடுமாறி, கூப்பிட்டாலும் மெதுவாகத் திரும்பினால் அது ஆபத்து, கால்நடை மருத்துவரிடம் ஓடவேண்டும்.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சரியாகப் பொருந்துகிற நியோப்ரீன் மேலங்கி வாங்கு. முள்கம்பியிலிருந்தும் அது காப்பாற்றும். அக்குளில் உரசுகிறதா என்று வீட்டிலேயே ஒரு மணி நேரம் போட்டுப் பார். கால்விரல்களுக்கிடையில் உள்ள முடியைப் பாதத்தோடு மட்டமாக வெட்டிவிடு. இல்லாவிட்டால் பனி உருண்டையாகத் திரண்டு நடக்க விடாது. வெட்டிய பிறகு பாத மெழுகு தடவு. காலையில் வயிறு நிறைய தீனி வேண்டாம். ஆழ்ந்த நெஞ்சுள்ள நாய் வயிறு நிறைந்து ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. முதல் நாள் இரவு நன்றாகக் கொடு, நடுவே ஒரு மணிக்கு ஒருமுறை கையளவு கொடு. வெதுவெதுப்பான தண்ணீரை ஃபிளாஸ்கில் கொண்டுவா, பனியைத் தின்று அவள் தாகம் தீராது. முடிந்ததும் கண்ணை உப்புநீர் மருந்தால் கழுவு. சம்பின் பஞ்சும் விதையும் இமைக்கடியில் தங்கிப் புண்ணாக்கும்.

இன்னொன்று, இதுதான் நான் அதிகம் கவலைப்படுவது. பொதுநிலத்தில் ரக்கூனுக்கும் கொயோட்டிக்கும் பொறி வைப்பவர்களும் சட்டப்படியே வருகிறார்கள், குளிர்காலம் அவர்களுக்கும் பருவம். சுருக்குக் கண்ணியில் மாட்டினால் முறுக்குக் கம்பியை வெட்டக்கூடிய எஃகுக் கட்டர் வேண்டும், சாதாரண பிளையர் வழுக்கும். கால்பொறி என்றால் இரண்டு பக்கத் தகட்டையும் ஒரே நேரத்தில் மிதி, தாடை திறக்கும். பயங்கரமானது கழுத்தை நசுக்கும் சதுரப் பொறி. சில நிமிடத்தில் மூச்சு நின்றுவிடும். அதற்கு எப்போதும் ஐந்தடிக் கயிறு பையில் இருக்கட்டும். ஒரு பக்க ஸ்பிரிங்கின் இரண்டு வளையத்துக்குள்ளும் கயிற்றை விட்டு, சுற்றிக் கொண்டுவந்து மறுபடி அதே வளையங்களுக்குள் விடு. ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை மேலே இழு. ஸ்பிரிங் சுருங்கும், கொக்கியை மாட்டு. உடனே அடுத்த ஸ்பிரிங். வெறுங்கையால் பிரிக்கப் பார்த்து நேரத்தை வீணாக்குகிறவர்கள்தான் நாயை இழக்கிறார்கள். கடையில் பழைய பொறி ஒன்று வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு செய்யுமளவுக்குப் பழகு.

நேரம் பற்றி: பத்து மணிக்கே அவசரப்படாதே. குளிர் நாளில் பறவை காலையில் தீனிக்குப் போய்விடும், மதியம் வெயில் விழும் ஓரத்தில் நிற்கும். ஐந்து மணி சுமாருக்கு இருட்டுகிறது. கடைசி ஒன்றரை மணி நேரத்தில் கூட்டமாகச் சம்புக்குத் திரும்பும், அதுவே சிறந்த நேரம். ஆனால் பனிப்புயல் ஓய்ந்த முதல் நாளும், பாரன்ஹீட்டில் பூஜ்ஜியத்துக்குக் கீழே காற்றோடு இருக்கிற நாளும் நாம் போகவேண்டாம். சேவலைச் சுடுவதால் இனம் குறையாது, ஒரு சேவல் பல பெட்டைக்குப் போதும். அந்தப் பெட்டைகளை மாலையில் இருந்த ஒரே ஒதுக்கிடத்திலிருந்து விரட்டிவிட்டு இரவைத் திறந்தவெளியில் கழிக்க வைப்பதுதான் கேடு. பெட்டைகள் மட்டுமே எழும் சம்பாக இருந்தால் உடனே வெளியேறிவிடலாம்.

கிடைத்த சேவலின் காலில் முள் முக்கால் அங்குலத்துக்கு மேல் கறுத்துக் கூர்மையாக இருந்தால் முற்றியது, முள் குட்டையாக மழுங்கியிருந்தால் இந்த வருஷத்துக் குஞ்சு. முற்றியதின் நெஞ்சுக்கறியை மெல்லியதாக அரிந்து விரைவில் வதக்கலாம். தொடைக்குக் கீழுள்ள கால்துண்டில் எலும்பு போன்ற நரம்புகள் உண்டு, மிளகு போட்டு இரண்டு மணி நேரம் மெதுவாக வேகவிட வேண்டும்.

கம்பி கட்டரும் நியோப்ரீன் அங்கியும் அங்கேயே வாங்கிவிடு, இங்கே ஜனவரியில் அளவு கிடைப்பதில்லை. கருப்பியின் மார்புச் சுற்றளவை முன்கால்களுக்குப் பின்னால் அளந்து எனக்கும் எழுது. என்னிடம் ஒரு பழைய அங்கி இருக்கிறது, பொருந்தினால் நீ வாங்கவேண்டாம்.

அன்புடன்,
பாலு